விரதம் என்று நினைத்த நாட்கள்

எங்கள் வீட்டில் நோயாளி நான்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, எனக்கும்கூட. புக்கிட் செலம்பாவில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் என் படபடப்பைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கேஸை மூடினேனா இல்லையா என்று பார்க்க, பாதி வழியில் ஃபேக்டரி பஸ்ஸை நிறுத்தி இறங்கியவள் நான். பினாங்கில் படிக்கும் மகள் ஒரு நாள் போனை எடுக்கவில்லை என்று அவள் தோழிகள் நான்கு பேரை அழைத்து அழ வைத்தவள்.

என் வீட்டுக்காரர் சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் ஐந்தரைக்கு வீடு வந்துவிடுவார். ஐந்தே முக்கால் ஆகிவிட்டால் என் கை தானாகப் போனை எடுக்கும். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. மூன்றாவதில் எப்படியும் மோட்டாரை ஓரம்கட்டி எடுப்பார். "வந்துக்கிட்டே இருக்கேன்லா" என்பார். உங்க வீட்டு அலாரம் அடிக்குது என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்களாம். அவரும் சேர்ந்து சிரித்ததாகச் சொல்வார்.

இரண்டு வருடங்களுக்கு முன், டிசம்பரில், கட்டிக் கொடுத்த சாப்பாடு அப்படியே திரும்பி வர ஆரம்பித்தது. எனக்கு வந்தது கவலை இல்லை, கோபம். உலகத்தில் இல்லாததற்கெல்லாம் பயப்படுகிறவள், கண் முன்னால் இருந்ததற்குப் பயப்படவில்லை. காலையில் நாலரைக்கு எழுந்து சமைக்கிறவளுக்குத்தானே தெரியும் என்று திட்டித் தீர்த்தேன். அவருக்குப் பேச்சே குறைந்துவிட்டது. கட்டிலை விட்டுவிட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்தார். சவரம் செய்வதை நிறுத்தினார். சனிக்கிழமை மாலையில் கூட்டாளிகளோடு காப்பிக்கடைக்குப் போகிறவர், அதையும் விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்டாங்கிலிருந்து அவருடைய அக்கா வந்தார். தாடியைப் பார்த்தார், சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்தார், தட்டில் வைத்த சோறு அப்படியே இருப்பதைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏன் தம்பி, விரதமா? இந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

அவ்வளவுதான், வீட்டில் எல்லாம் விளங்கிவிட்டது. நாற்பத்தெட்டு நாள் விரதம் என்றால் ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் தூக்கம், தாடி, குடி கிடையாது, கேளிக்கை கிடையாது, பேச்சும் குறைவு. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் அத்தனையும் பொருந்தியது. திட்டியதற்காகச் சாமி மேடை முன் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவருக்கென்று தனிப் பாத்திரம் வாங்கினேன். அக்கம்பக்கத்தில் நானே போய்ச் சொன்னேன். தெருவில் அவரைச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. இருபது வருடம் கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருந்த மனிதர் திருந்திவிட்டார் என்று மகளிடம் சொல்லிச் சிரித்தேன்.

வேலையிலிருந்து வந்ததும் சாமி மேடைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். வேண்டுகிறார் என்று நான் டி.வி. சத்தத்தைக் குறைப்பேன். யாரும் பேச்சுக் கொடுக்காத இடம் அந்த வீட்டில் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த நாட்களில்தான் என் நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. கையுறை ஃபேக்டரியில் லைனில் நிற்கும்போதே மூச்சு வாங்கும், விரல் மரத்துப் போகும். தனியார் கிளினிக்கில் கேஸ்ட்ரிக் என்று வெள்ளைத் தண்ணி மருந்து கொடுத்தார்கள். மருந்து தீர்ந்தும் படபடப்பு தீராததால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஒரு மலாய் டாக்டர், என் மகளைவிட ஐந்தாறு வயது மூத்த பெண். இருதயத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, மலாயில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார். நிறையக் கேள்விகள். போன ஒரு வாரத்தில் எப்படி இருந்தது என்று பூஜ்ஜியத்திலிருந்து மூன்று வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும்.

வாய் வறண்டதா, கை நடுங்கியதா, காரணமில்லாமல் பயம் வந்ததா: மூன்று, மூன்று, மூன்று. ஆனால் வேறு சில கேள்விகள் இருந்தன. எதிர்பார்க்க எதுவும் இல்லை என்று தோன்றியதா? எதையும் தொடங்கவே முடியவில்லையா? வாழ்வதில் அர்த்தம் இல்லை என்று நினைத்தீர்களா? அவற்றுக்கெல்லாம் பூஜ்ஜியம் போட்டேன். எனக்கு அடுத்த நிமிடம் என்ன வருமோ என்று எதிர்பார்த்து எதிர்பார்த்துத்தானே நெஞ்சே வலிக்கிறது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இந்தத் தாளில் பதற்றம், மனச்சோர்வு இரண்டையும் தனித்தனியாகக் கூட்டுவோம் என்றார். உங்களுக்கு இருப்பது பதற்றம், அது நடக்காததை நினைத்து மனிதரை ஓட வைக்கும். மனச்சோர்வு வேறு. அது வந்தவருக்கு ஓடத் தெம்பு இருக்காது. சாப்பாடு, தூக்கம், பேச்சு, பிடித்த காரியம் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும். பதற்றக்காரரை வீட்டில் எல்லோருக்கும் தெரியும், மற்றவரைக் கண்டுகொள்ள நாளாகும் என்றார்.

பிறகு, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். கணவர் இருக்கிறார், விரதத்தில் இருக்கிறார் என்றேன். சாப்பாட்டைக் குறைத்துவிட்டார், பேச்சைக் குறைத்துவிட்டார், அவரால்தான் வீட்டில் நிம்மதி என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் நான் வட்டமிட்ட பூஜ்ஜியங்கள் கண்ணில் பட்டன. அவர் இதில் எந்த எண்ணை வட்டமிடுவார் என்று ஒரு கணம் தோன்றியது. நோன்பு என்றால் என்னவென்று அந்தப் பெண்ணுக்கும் தெரியும், மரியாதையாகத் தலையசைத்தார். நான் வாய் திறக்கவில்லை. சாமி காரியத்தில் சந்தேகப்படக் கூடாது என்று நினைத்தேன். ஆனாலும் தாளைக் கேட்டு வாங்கி, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். என்னை நானே மன்னிக்க முடியாத இடம் இதுதான்.

தைப்பூசத்தன்று மஞ்சள் வேட்டியில் பால்குடம் எடுத்தார். அக்கா உருகி உருகி அழுதார். சுற்றிலும் வேல் வேல் என்று கூட்டம். அவர் நடக்கச் சொன்னால் நடந்தார், நிற்கச் சொன்னால் நின்றார். பால் ஊற்றியதும் காலிக் குடத்தை என் கையில் கொடுத்துவிட்டு, போகலாமா என்று மட்டும் கேட்டார்.

இடும்பன் பூஜையோடு விரதம் முடியும். அன்று மதியம் அவருக்குப் பிடித்த கோழிப் பெரட்டல் செய்தேன். சவரக் கத்தியும் சோப்பும் எடுத்து வைத்தேன். அவர் சுவரைப் பார்த்தபடி பாயில் படுத்திருந்தார்.

"விரதம் முடிஞ்சிருச்சுங்க. எந்திரிச்சு வாங்க" என்றேன்.

திரும்பவில்லை. "நான் விரதமே இருக்கலம்மா" என்றார். "சாப்புட முடியல. அக்கா கேட்டுச்சு. ஆமான்னுட்டா நீங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டீங்கன்னு தலையாட்டிட்டேன்."

கையில் கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்து, கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். சுவரைப் பார்த்தபடியே எண்ணைச் சொன்னார். நான் பூஜ்ஜியம் போட்ட இடத்திலெல்லாம் அவர் மூன்று என்றார். தாளில் இல்லாத ஒன்றும் கேட்க வேண்டியிருந்தது. செத்துப்போய்விடலாம் என்று நினைத்தீர்களா என்று கேட்டேன். அந்தச் சொல்லை அவரிடம் சொல்லுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

"நெனைச்சேன்" என்றார். "வேல முடிஞ்சு வர்ற வழியில. அப்பல்லாம் நீ போன் அடிச்சிருவ. மூணாவதும் எடுக்கலன்னா நீ தாங்க மாட்ட. அதான் வந்துருவேன்."

பெரட்டல் அடுப்பில் தீய்ந்த வாசனை வந்தது. எழுந்து மூட எனக்குத் தெம்பில்லை. கேஸுக்காகப் பஸ்ஸை நிறுத்தியவள் நான்.

மறுநாள் காலையில் அதே டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மருந்து கொடுத்தார்கள், மாற்றினார்கள், மறுபடியும் மாற்றினார்கள். டாக்டரிடம் போனால் சரியாகிவிடும் என்று நம்பியவளுக்கு இந்த இரண்டு வருடங்கள் பெரிய அடி. சில மாதம் வேலைக்குப் போகிறார், சில மாதம் டாக்டரிடம் எம்.சி. லீவு எடுத்துக்கொண்டு பாயில் கிடக்கிறார். பால்குடம் எடுத்தவனுக்கு எப்படி இப்படி வரும் என்று அக்கா இன்னும் கேட்கிறார். அவர் வியாதிக்கு நாம ரெண்டு பேரும்தான் மாலை போட்டோம் என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். அதன் பிறகு அக்கா வருவது குறைந்துவிட்டது.

எனக்கு மட்டும், பதற்றத்துக்கு அந்த டாக்டர் கொடுத்த மருந்து நன்றாக வேலை செய்தது. ஐந்தே முக்கால் ஆகும், நெஞ்சு பேசாமல் இருக்கும். டாக்டருக்கு மகிழ்ச்சி. சென்ற மாதம் ஒரு நாள் துணி துவைத்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்தபோது மணி ஆறேகால். கூப்பிட மறந்திருந்தேன். ஆறரைக்கு மோட்டார் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"இன்னைக்கு நீ போன் அடிக்கல" என்றார். "வரும்னு ரோட்டோரமா நின்னுக்கிட்டு இருந்தேன்."

இப்போது எனக்குப் பயம் வருவதில்லை. வேலை இருக்கும் நாளெல்லாம் ஐந்தரைக்குப் போனில் அலாரம் வைத்திருக்கிறேன். அது அடித்ததும் அவரைக் கூப்பிடுகிறேன். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது முறை அவர் எடுக்கும்வரை துணியும் பாத்திரமும் போட்டது போட்டபடி கிடக்கின்றன.