நசுங்கிய பம்பை நிமிர்த்திய அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு முடிந்து இன்று எங்கள் வீட்டில் கூடியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே! உங்களில் சிலருக்கு அக்கா மீன்காரம்மா. சிலருக்குப் பழைய சைக்கிள் பம்பு சரிசெய்து கொடுத்தவர். ஒருவரே இரண்டுமாக ஆன கதையை, உடன்பிறந்த தங்கை என்ற முறையில் எழுதுகிறேன்.

அக்கா பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள தோணிரேவு என்ற ஊரில் பிறந்தார். நாங்கள் நைனா என்று கூப்பிட்ட எங்கள் அப்பா, அந்த ஏரியில் இறால் பிடித்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அக்கா, பத்தொன்பது வயதில் பழவேற்காட்டில் வாழ்க்கைப்பட்டார். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து மாமா இறந்தபோது அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது, மகளுக்கு ஏழு.

கூடையில் மீன் சுமந்து, கரையிலிருந்து தள்ளி நெல் விளையும் ஊர்களுக்குப் போய் விற்கத் தொடங்கினார். ஒரு நாள், நாற்றம் அடிக்கிறது என்று பேருந்திலிருந்து பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். வெயிலில் நடந்து திரும்புவதற்குள் மீன் முழுவதும் கெட்டுப்போனது. அன்றே, மாமாவின் தகப்பனார் ஒரு காலத்தில் ஓட்டிய, வீட்டுக்குப் பின்னால் கிடந்த வெளிநாட்டு சைக்கிளை இழுத்து வெளியே போட்டார். உப்புக்காற்றில் அது துருப்பிடித்துச் செங்கல் நிறமாக இருந்தது.

"இதயா ஓட்டப்போற? ஊரே சிரிக்கும்க்கா" என்றேன்.

"சிரிக்கட்டும். மீனு கெடாம போய்ச் சேரணும், அவ்ளோதான்."

நான்கு மாதம் பாடுபட்டார். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். இல்லாத பாகங்களைத் தேடிப் பொன்னேரியில் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினார். சட்டத்தில் மாட்டியிருந்த பித்தளைப் பம்பில், காற்றைப் பிடித்துத் தள்ளும் தோல் வாஷர் மட்கிப்போயிருந்தது. பழைய செருப்புத் தோலை வட்டமாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, கிண்ணம்போல் வளைத்துப் போட்டார். மூன்று முறை தோற்று, நான்காவது தோல்தான் காற்றைப் பிடித்தது. பிறகு அந்த சைக்கிளில்தான் மீன் போனது. மகளை அதில் உட்காரவைத்தே பள்ளிக்கும் கொண்டுபோய் விட்டார்.

சில வருடம் கழித்து, டச்சுக் கல்லறையைப் பார்க்க வந்த சென்னைக்காரர் ஒருவர் அந்த சைக்கிளைப் பார்த்து நின்றுவிட்டார். ஓய்வு பெற்றவர், தன் தகப்பனாரின் சைக்கிளை ஒவ்வொரு பாகமாகத் தேடிப் பழையபடி கட்டிக்கொண்டிருந்தார்.

"இத யாரும்மா சரி பண்ணது?"

"இன்னா சார் அப்டி கேக்குறீங்க? நான்தான்."

அடுத்த வாரமே தகப்பனாரின் பம்பைக் கொண்டுவந்து கொடுத்தார். பித்தளைக் குழாயில் அவர் தகப்பனாரின் பெயர் எழுத்துகள் செதுக்கப்பட்டிருந்தன. வாஷர் மாற்றுவதுதான் வேலை. மூடி இறுகியிருந்ததால், அக்கா குழாயை வைஸ் என்னும் இரும்புப் பிடியில் இறுக்கி வைத்து முறுக்கினார். மெல்லிய குழாய் நசுங்கிப்போனது.

அக்கா அன்று சாப்பிடவில்லை. "அவரு குடுக்கும்போதே அப்டி இருந்துச்சுன்னு சொல்லிடுக்கா" என்று நான் சொன்னேன். இதை எழுத இன்றும் வெட்கமாக இருக்கிறது. அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார்.

அவர் நேரில் வந்து பம்பைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "எங்கப்பா கை பட்ட பொருள்மா இது. உங்கள நம்பித்தானே குடுத்தேன்?"

"தப்பு என்னுதுதான் சார். இத இப்டியே எடுத்துட்டுப் போவாதீங்க. எனக்குக் கொஞ்ச மாசம் குடுங்க."

அவர் பம்பை வைத்துவிட்டுப் போனார்.

படகு எஞ்சின் வேலை செய்யும் லேத்துப் பட்டறையில், குழாயின் உள்ளளவுக்குச் சரியாக ஓர் இரும்புக் கம்பியைக் கடைந்து வாங்கினார் அக்கா. பழைய உடைந்த பம்புகளை வாங்கி, வேண்டுமென்றே நசுக்கினார். சூடாக்கி, ஆறவிட்டு, கம்பியை உள்ளே செலுத்தி, மரச் சுத்தியால் தட்டி நிமிர்த்தப் பழகினார். ஒன்று கிழிந்தது, ஒன்று வளைந்தது. காலையில் மீன், பிற்பகலில் பம்பு. கையில் தீப்புண் இல்லாத நாளே இல்லை. பத்துப் பன்னிரண்டு குழாய்கள் வீணான பிறகுதான் சென்னைக்காரரின் பம்பைத் தொட்டார். ஒரு பிற்பகல் முழுவதும் தட்டினார். குழாய் நிமிர்ந்தது. எழுத்துகள் அழியவில்லை. நசுங்கிய இடத்தில் மயிரிழைபோல் ஒரு கோடு மட்டும் நின்றது.

அவர் வந்தபோது அந்தக் கோட்டை அக்காவே காட்டினார். "இது போவல சார். என்னால முடிஞ்சது இவ்ளோதான்."

அவர் பம்பைத் தன் சைக்கிள் சக்கரத்தில் பொருத்தி அடித்தார். சக்கரம் கல்போல் இறுகியது. எழுந்து, "இன்னும் ரெண்டு பம்பு இருக்கு. கொண்டு வரட்டுமா?" என்றார்.

அதன்பின் அவருடைய நண்பர்கள் வந்தார்கள். சில பார்சல்கள் வேறு மாநிலங்களிலிருந்தும் வந்தன. அந்த வேலையில் வந்த காசில்தான் மகள் செவிலியர் படிப்பை முடித்தாள்.

கடைசி ஆறு மாதம் சிறுநீரகம் பழுதாகி அக்கா படுத்தார். வீட்டிலிருந்த பம்புகளில் உரியவர் பெயரை எழுதிக் கட்டச் சொன்னார். "முடிக்காதத முடிக்கலன்னு எழுது" என்றார். எழுதினேன். அதற்கு இரண்டாம் நாள் விடியலில் மகளின் கையைப் பிடித்தபடி கண்மூடினார்.

இறுதிச் சடங்கன்று சென்னையிலிருந்து பழைய சைக்கிள்காரர்கள் மிதித்தே வந்தார்கள். சுடுகாடுவரை சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். அவர்களுக்கும், டயாலிசிஸுக்கு வாரம் தவறாமல் அழைத்துச் சென்ற ஆட்டோக்காரத் தம்பிக்கும், துணையிருந்த தெருப் பெண்களுக்கும், கடைசிவரை அக்கா நலம் கேட்டுவந்த, அவரிடம் மீன் வாங்கிய விவசாயக் குடும்பங்களுக்கும் எங்கள் நன்றி. அன்று வெகுதூரம் மிதித்து வந்தவர்களுக்கு ஒரு வாய் சோறுகூடப் போட முடியவில்லை. இன்று எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.