ஸ்லோவான கணினிகளும் சில நல்ல மனிதர்களும்

கணினி ஸ்லோவாகிவிட்டது என்று திட்டுவது உங்கள் வேலை. எப்போது, எவ்வளவு ஸ்லோவானது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்து டேட்டாபேஸில் அடுக்கிவைப்பது என் வேலை. திரையில் வட்டம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு காத்திருந்த அனைவருக்கும் இது சமர்ப்பணம்.

பத்து மணி

மலேசியாவில், கிள்ளானில் ஒரு கிளினிக். கவுன்டரில் சரோஜா அக்கா. பெயரைப் பதிவு செய்யவே அரை மணி நேரம் ஆகிறது என்று நோயாளிகள் சத்தம் போட்டார்கள். அக்காவை மருந்து அடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டு வேறு ஆள் போடலாம் என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தார்.

அவர்களுடைய சர்வரின் எண்களை இரண்டு வாரம் சேர்த்தேன். மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தால், தினமும் சரியாகப் பத்து மணிக்கு டிஸ்க் திணறுகிறது. அந்த நேரத்தில்தான் வைரஸ் ஸ்கேன் ஓடும்படி யாரோ வைத்திருக்கிறார்கள். அக்கா லீவில் இருந்த நாளிலும் அதே கதைதான். டாக்டர் அதைப் பார்த்தார், எழுந்தார், நேராகக் கவுன்டருக்குப் போய் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார்.

நான் கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்தார். கண் கலங்கியிருந்தது. "ரெண்டு வருஷமா நான்தான் ஸ்லோன்னு நெனச்சேன் லா. வீட்டுல உக்காந்து டைப்பிங்கூட பழகினேன்."

ஃபைசால் செய்த காப்பி

டேட்டாபேஸ் கோப்பு ஊதிப்போய்விட்டதே என்று பழைய மாதங்களை அழிக்கப் போனேன். அழித்தது நடப்பு மாதத்தை. மதியம் இரண்டு மணிக்கு மீட்டிங். புது சர்வர் தேவையா இல்லையா என்பதை அந்த எண்களை வைத்துத்தான் வாடிக்கையாளர் முடிவு செய்யவேண்டும்.

பக்கத்து மேசை ஃபைசால், எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்கு வந்தபிறகு தமிழ் பேசப் பழகியவர், ஒரு ஹார்டு டிஸ்க்கை நீட்டினார். தினமும் காலையில் என் கோப்புகளை அதில் காப்பி எடுத்துவந்திருக்கிறார். அன்று காலை வரை எல்லாம் இருந்தது. ஏன் என்னிடம் சொல்லவே இல்லை என்று கேட்டேன். "அக்கா, டிலீட் பண்ணும்போது நீங்க ரொம்ப கான்ஃபிடென்ட் லா. அதான் பயந்து காப்பி எடுத்தேன்."

காஜாங் அங்கிள்

காஜாங்கில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அங்கிள் ஒருவர். அவருடைய டிஸ்க் பதில் சொல்லும் நேரம் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனது. "அங்கிள், இது சீக்கிரம் போயிடும். டிசைன் எல்லாத்தையும் வேற இடத்துல எடுத்து வைங்க" என்றேன். "நல்லாத்தானே ஓடுது?" என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துவைத்தார்.

பத்தாவது நாள் டிஸ்க் செத்தது. ஒரு பத்திரிகைகூடத் தாமதமாகவில்லை. அங்கிள் அன்றே போன் செய்து மனசார வாழ்த்தினார். போனை வைக்கப்போனவர், சட்டென்று ஞாபகம் வந்தவராகச் சொன்னார்: "ஏம்மா, எங்க வூட்டு வாஷிங் மெஷினும் ஒரு மாதிரி சத்தம் போடுது. அது எப்ப போவும்னு பாத்துச் சொல்றியா?"

இப்படிப்பட்டவர்களின் புண்ணியத்தில்தான் இத்தனை வருஷமாக இந்த வேலையைச் சந்தோஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன். என் சொந்த லேப்டாப் ஏன் இப்படி ஊர்கிறது என்று பார்க்கத்தான் இன்னும் நேரம் கிடைக்கவில்லை.