எந்த ஊர்த் தண்ணீர் குடித்த கால்

எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. அப்பா பச்சை, மாமா மஞ்சள். இருவரும் டெக்ஸஸில் ஆளுக்கொரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தவர்கள், படித்த காலத்தில் ஃபுட்பால் மைதானம் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காதவர்கள். வேலை கிடைத்து, கிரீன் கார்டு வந்து, வீடு வாங்கி, புல்வெட்டும் மெஷினும் வாங்கி, இனி வாங்க ஒன்றுமில்லை என்றான ஒரு இலையுதிர்காலத்தில் இருவருக்கும் அந்த ஜுரம் பிடித்தது. அவரவர் பல்கலைக்கழக அணியின் சட்டை நிறத்தில், ஒருவருக்குப் பச்சையாகப் பிடித்தது, மற்றவருக்கு மஞ்சளாக. அதன்பிறகு இறங்கவேயில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ரவுண்ட் ராக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நாங்கள் டாலஸ் பக்கம் ரிச்சர்ட்சனில். விடுமுறை வந்தால் போதும், மூன்று மணிநேரம் ஃப்ரீவேயில் வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவார். 'ஏனுங் மச்சான், உங்காளுங்க இந்த வருசமும் அவ்வளவுதானா?' அப்பா காத்திருந்தவர்போல எழுவார். 'வாரும் மாப்ளே, உம்மளத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்.' அம்பாசமுத்திரமும் கோயம்புத்தூரும் எங்கள் கார் ஷெட்டில் மோதிக்கொள்ளும். அங்கேதான் டெக்ஸஸ் வரைபடம் மாட்டியிருந்தது.

ஆட்டத்தைப் பற்றி, அதாவது பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு மோதி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலைப் பற்றி, அவர்கள் அதிகம் பேசியதில்லை. பேச்செல்லாம் ஆள்பிடிப்பதைப் பற்றித்தான். பள்ளிக்கூடத்தில் ஆடும் பையன்களை எந்தப் பல்கலைக்கழகம் எந்த ஊரிலிருந்து அள்ளுகிறது, யாருடைய கை எந்த வட்டாரத்தில் ஓங்கியிருக்கிறது, அடுத்த மூன்று வருடத்துக்கு யார் தேறுவார், யார் தேறமாட்டார். கிழக்கே பைன் காடும் சுத்திகரிப்பு ஆலைகளும் உள்ள ஊர்களெல்லாம் பச்சைக்குக் கோட்டை. மேற்கே பருத்தியும் எண்ணெய்க் கிணறுமாய்க் காய்ந்து கிடக்கும் சமவெளி மஞ்சளுக்கு. டாலஸ் மட்டும் இழுபறித் தொகுதி. வரைபடத்தில் குண்டூசிகள் குத்தியிருந்தன. பார்க்கிறவர்கள் அதை ஏதோ ராணுவ அலுவலகம் என்று நினைத்திருக்கலாம். பக்கத்தில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

இதில் அப்பாவுக்கென்று ஒரு சித்தாந்தம் உண்டு. தண்ணீர். கிழக்கே லஃப்கின் பையன்கள் ஏன் தேக்குமரம் மாதிரி இருக்கிறார்கள்? தண்ணீர். மேற்கே ஒடெஸ்ஸா பையன்களுக்கு ஏன் எலும்பு உடைவதில்லை? தண்ணீர். தாமிரபரணி இல்லாமல் அல்வா உண்டா என்று கேட்டு வளர்ந்தவருக்கு இதில் சந்தேகமே எழவில்லை. மாமாவும் கோயம்புத்தூர்க்காரர், சிறுவாணித் தண்ணீரின் இனிப்பைப் பற்றி மூச்சுவிடாமல் பேசக்கூடியவர். ஆகவே தண்ணீர்தான் காரணம் என்பதில் இரு கட்சிக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. எந்த ஊர்த் தண்ணீர் என்பதில்தான் சண்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா காரை எடுத்துக்கொண்டு ஏதாவதொரு ஊருக்குப் போவார், பெட்ரோல் பங்கில் குழாயைத் திறந்து, கழுவிக் காயவைத்த பால் கேனில் தண்ணீர் பிடித்து வருவார். ஷெட்டில் அந்தக் கேன்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஊர்ப்பெயர் ஒட்டி. விருந்தாளிகளுக்கு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்து, 'கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுங்க, இது கிழக்கா மேற்கா?' என்று கேட்பார். விருந்தாளிகள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

அத்தோடு நிற்கவில்லை. திங்கட்கிழமை மதிய இடைவேளையில் பச்சைக் கட்சியின் ஃபுட்பால் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, யாரும் எடுக்காததால் மெசேஜ் மெஷினில் தன் சித்தாந்தத்தைப் பகுதி பகுதியாகப் பதிவுசெய்து வந்தார்.

இந்த வீட்டில்தான் என் அண்ணன் இருந்தான். அவன் பள்ளிக்கூட ஃபுட்பால் அணியில் கிக்கர், பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்ப மட்டும் களமிறங்குகிறவன்.

இதை நான் இவ்வளவு தள்ளிச் சொல்வதற்குக் காரணம், வீட்டிலும் அது அவ்வளவு தள்ளித்தான் இருந்தது. அண்ணன் எங்கும் ஒளித்து வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீருடையோடுதான் கிளம்புவான். அப்பா பார்ப்பார், 'பாத்து போ' என்பார், ரேடியோவை வைப்பார். அதில் பச்சைக் கட்சி யாரைப் பிடிக்கப்போகிறது என்று இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். கிக்கரை அவர் ஆட்டக்காரன் என்றே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. 'ஓடியாந்து ஒரு உதை உதைச்சிட்டு மறுபடி பெஞ்சுல போய் உக்காருதான். சட்டை அழுக்காகாம வீட்டுக்கு வாரவன் என்ன பிளேயரு?' அம்மாவுக்கு அந்தச் சட்டைதான் பிடித்திருந்தது. அவள்தான் எங்களைக் காரில் கூட்டிக்கொண்டு போவாள். படிக்கட்டு இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணன் பந்தை நோக்கி ஓடத் தொடங்கியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கூட்டம் கத்துகிற சத்தத்தை வைத்து விவரம் தெரிந்துகொள்வாள்.

அண்ணனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், சின்னப் பையன் எனக்கே தெரியும். அப்பாவின் பல்கலைக்கழகத்தில் அந்தப் பச்சைச் சட்டையைப் போட்டு ஆட வேண்டும். அதை அவன் அப்பாவிடம் சொன்னதில்லை. என்னிடம் சொன்னான், அதுவும் இங்கிலீஷில், அதுவும் பல் தேய்த்துக்கொண்டு.

கிறிஸ்துமஸ் விடுமுறை. மாமா வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிவாக்கில் மணி அடித்தது. வாசலில் கதவளவு அகலத்தில் ஒரு மனிதர், தலையில் பச்சைத் தொப்பி. பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணியிலிருந்து வருவதாகவும், உதவிப் பயிற்சியாளர் என்றும், முந்தாநாளே ஃபோனில் பேசியதாகவும் சொன்னார். அண்ணனோடு பேசியிருந்தார். அண்ணன் அம்மாவிடம் சொல்லியிருந்தான். அம்மா, 'நானே அப்பாகிட்ட சொல்றேன்' என்று சொல்லிவிட்டு, நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இரண்டு நாளைக் கழித்துவிட்டிருந்தாள்.

அப்பாவின் முகத்தை இப்போதும் என்னால் வரைந்துவிட முடியும். மெசேஜ் மெஷினுக்குள் இத்தனை திங்கட்கிழமைகளாகப் போட்டது வீண்போகவில்லை. அவருடைய குரலைத் தேடிக்கொண்டு அந்தக் குரல் போய்ச் சேர்ந்த இடமே எழுந்து வந்துவிட்டது. 'மாப்ளே,' என்றார் உள்ளே திரும்பி, மிகவும் தணிந்து, 'வந்துட்டான் பாத்தீரா.' மாமாவின் வாய் திறந்தபடி நின்றது. மஞ்சள் கட்சி யாரையும் அனுப்பியிருக்கவில்லை.

பயிற்சியாளரை நாற்காலியில் உட்காரவிடாமல் நேரே ஷெட்டுக்கு அழைத்துப்போனார் அப்பா. வரைபடத்தைக் காட்டினார். கேன்களைக் காட்டினார். டம்ளரில் ஊற்றி நீட்டினார். அந்த மனிதரின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டென்று அண்ணன் பின்னாளில் சொன்னான்: பையனைக் கேட்டுப் போகிற வீட்டில் என்ன கொடுத்தாலும் மறுக்கக்கூடாது, அந்த வீட்டு அம்மா வைக்கிற கடைசிக் கவளம்வரை சாப்பிட்டு எழ வேண்டும். ஆகவே அவர் குடித்தார். லஃப்கினைக் குடித்தார், நன்றாயிருக்கிறது என்றார். டைலரைக் குடித்தார், இது இன்னும் அருமை என்றார். இந்தியர்களின் வீட்டில் விருந்தினரைத் தண்ணீரால்தான் வரவேற்பார்கள்போலும் என்று நினைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு டம்ளரையும் இரண்டு கையாலும் வாங்கினார். ஒடெஸ்ஸா வந்தபோது தொண்டை மறுத்தது. அப்பா விடவில்லை. 'திஸ் இஸ் தி எனிமி வாட்டர், சார். யூ மஸ்ட் நோ தி எனிமி.'

அண்ணன் சமையலறைக் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். நல்ல சட்டை போட்டு, தலைசீவி. அவனைக் கண்டதும் அப்பா, 'போடா, உள்ள போய்ப் படி, பெரியவங்க பேசுதோம்ல' என்றார். அண்ணன் போகவில்லை. வரவும் இல்லை. அம்மா கையில் பஜ்ஜித் தட்டோடு அவனுக்குப் பின்னால் நின்று கண்ணால் எனக்கு ஏதோ சொன்னாள். எனக்கு அது விளங்காததால் ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் பயிற்சியாளரே டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சார், நான் உங்கள் மகனைப் பற்றிப் பேச வந்தேன் என்றார். எங்களிடம் ஒரே ஓர் இடம் இருக்கிறது, உங்கள் மகனுக்கா, வேறொரு ஊர்ப் பையனுக்கா என்று யோசிக்கிறோம் என்றார்.

அப்பா சிரித்தார். பயிற்சியாளர் நகைச்சுவையாகப் பேசுகிறார் என்று நினைத்த சிரிப்பு அது. பிறகு நிறுத்தினார். பிறகு, இன்றுவரை எங்கள் குடும்பத்தில் யாரும் நம்பமாட்டேன் என்கிற ஒரு காரியத்தைச் செய்தார்: தன் மகனை எடுக்க வேண்டாம் என்று அவரிடம் வாதாடினார். நேர்மையான கட்சிக்காரர். உங்களுக்கு இந்த வருடம் வேண்டியது கிக்கர் இல்லை சார், தடுத்து ஆட ஆள் வேண்டும், கிழக்கே போங்கள், ஓர் இடத்தைக் கிக்கருக்கு வீணாக்கினால் மஞ்சள்காரன் சிரிப்பான் என்றார். மேலும் இவன் ரிச்சர்ட்சன் குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவன், இந்தத் தண்ணீரில் இதுவரை எதுவும் விளைந்ததில்லை என்றார்.

அப்போது அண்ணனுக்கு ஒரு ஆதரவுக் குரல் எழுந்தது. மாமா. 'எடுத்துக்குங்க சார்! கண்டிப்பா எடுத்துக்குங்க! வெரி குட் பாய்!' அம்மா தம்பியை நன்றியோடு பார்த்தாள். ஆனால் மாமா என் பக்கம் குனிந்து, சந்தோஷம் தாங்காமல், 'இவனப் புடிச்சுப் போட்டுட்டாங்கன்னா அவங்க கதை அத்தோட முடிஞ்சுதுடா கண்ணு' என்றார்.

'ஏனுங்க,' என்றாள் அம்மா. பஜ்ஜித் தட்டை வாஷிங் மெஷின்மேல் வைத்தாள். 'நீங்க அவன் உதைச்சு ஒரு தடவையாச்சும் பாத்திருக்கீங்களா?'

பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் கேள்வி தெரிந்துவிட்டது. பந்தை உதைத்துக் காட்டும்படி பையனைக் கேட்க எனக்கு விதியில் இடமில்லை என்றார். ஆனால் ஓர் அப்பா தன் மகன் உதைப்பதைப் பார்க்க ஆசைப்பட்டால் நான் வேலிக்கு வெளியே நிற்பதை எந்த விதியும் தடுக்காது என்றார்.

பள்ளிக்கூட மைதானம் நடக்கிற தூரம். டிசம்பர் வெயில், மஞ்சளாய்ப்போன புல், நிறமே இல்லாத அகண்ட வானம். அண்ணன் சின்ன ரப்பர் தட்டில் பந்தை நிறுத்தினான். முதல் உதையில் பந்து கம்பங்களுக்கு நடுவே போயிற்று. இன்னும் பின்னால் போனான், அதுவும் போயிற்று. இன்னும் பின்னால். அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அவர் கை மெல்ல அவிழ்ந்தது. வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டார். பிறகு வெடித்தார்.

'தாமிரபரணி! எங்க ஊருக்குப் போனப்போ ரெண்டு மாசம் குடிச்சான்லா! அந்த எலும்புவே அது!'

'ஏனுங் மச்சான், ரெண்டு மாசமா? பொறந்து ஒரு வருசம் எங்க வீட்லதான இருந்தான், முழுக்கச் சிறுவாணி!'

'உம்ம சிறுவாணி குடிச்சா கால் இப்படி வருமாவே? பேச்சுதான் வரும்!'

இருவரும் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பி நின்றுகொண்டார்கள். மூக்குக்கு மூக்கு. அந்த நேரம் பார்த்து அண்ணன், பள்ளிக்கூடத்தில் யாரும் முயன்றே பார்க்காத தூரத்துக்குப் பந்தைக் கொண்டுபோய் வைத்திருந்தான். மைதானத்தின் பாதிக்கும் அந்தப் பக்கம். ஒருமுறை எங்களைத் திரும்பிப் பார்த்தான். ஓடினான். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பயிற்சியாளரின் கண் அண்ணனின் பாதத்தின்மேல். அவருக்கு அதுதான் தொழில்.

அந்தப் பந்து எழுந்தது. எழுந்து, இறங்க மறந்துபோய், வெயிலுக்குள் நுழைந்து கறுப்பாகி, விளக்குக் கம்பத்தின் தலைக்குமேலே ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு, பிறகு மனமில்லாமல் கம்பங்களைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தது. கிக்கர் தலையைக் குனிந்தபடியேதான் உதைக்க வேண்டும், நிமிர்ந்தால் பந்து கோணிவிடும். அண்ணன் நிமிர்ந்தபோது பார்த்தது பந்தை அல்ல. அப்பாவைப் பார்த்தான். அப்பாவின் முதுகுதான் தெரிந்தது. அவர் மாமாவுக்குத் தாமிரபரணி எந்த மலையில் பிறக்கிறது என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.

பயிற்சியாளர் அம்மாவிடம் கைகுலுக்கி, அவசரமாகக் கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் பச்சைக் கட்சி அண்ணனைக் கூப்பிட்டது. அப்பா தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார். அண்ணன் வேண்டாம் என்றுவிட்டான். நியூ ஜெர்சியில் ஒரு சின்னக் காலேஜ், அப்பாவும் மாமாவும் கேள்விப்பட்டேயிராத நிறத்தில் சட்டை. அங்கே படிப்பு நல்லது என்றான். பனி பார்க்கப் போகிறான் என்று நான் நினைத்தேன். அப்பா வரைபடத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். நியூ ஜெர்சி அதில் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று மைதானத்திலிருந்து திரும்பியபோது நடந்ததை. பெரியவர்கள் முன்னால் சத்தமாகப் போய்க்கொண்டிருக்க, அண்ணன் எனக்காக நடையைக் குறைத்தான். 'நீ பாத்தியா?' என்றான். பாத்தேன் என்றேன். 'ஹவ் ஹை டிட் இட் கோ?' விளக்குக் கம்பத்துக்கு மேலே என்று கையைத் தூக்கிக் காட்டினேன். ராத்திரி சாப்பிடும்போது மறுபடி கேட்டான். அடுத்த வாரம் கேட்டான். எனக்கு அலுத்துப்போய், ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே என்றேன், மேகத்துக்கு மேலே என்றேன். அவன் திருத்தவே இல்லை, தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். ஆகஸ்டில் ஏர்போர்ட்டில் அப்பா டிக்கெட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதுகூட, குனிந்து என் காதருகே வந்து, இன்னொரு தடவை சொல் என்றான்.

உதைத்தவன் அவன்தானே. அவ்வளவு தூரம் போய்ப் படிக்கப் போகிறவனுக்கு இவ்வளவு மறதி ஆகாதே என்று எனக்கு ஒரே கவலையாக இருந்தது.