எதிர் வீட்டுக் கதவு

நவராத்திரி முடிந்துவிட்டது. பொம்மைகளைப் பழைய துணியில் சுற்றிப் பரண் ஏற்றியாகிவிட்டது. மனசுதான் இன்னும் இறங்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம் குங்குமச் சிமிழோடு பெங்களூரில் எங்கள் ஜெயநகர் அபார்ட்மென்டில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். கன்னடக்கார வீடுகளில் 'பொம்மை பார்க்க வாருங்கள்' என்று என் ஓட்டைக் கன்னடத்தில் அழைப்பு. எதிர் வீட்டை மட்டும் தட்டவில்லை.

அது மாலதி வீடு. வேலூர்க்காரி. நான்கு வருஷமாக என் கொலுவில் முதல் பாட்டு அவளுடையது. ஆனி மாதம் அவள் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். அழைத்துவிட்டு, எல்லோருக்கும் குங்குமம் கொடுக்கும்போது அவளை மட்டும் தாண்டிப் போனால்... அவளுக்கு எப்படி இருக்கும்? அதனால்தான் தட்டவில்லை. எனக்கு எவ்வளவு இங்கிதம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். இந்த வருஷம் கொலுவில் கேசட் பாடியது.

எட்டாம் நாள் காலை பால் பூத்தில் மாலதியிடம் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டேன். துக்க வருஷம், உனக்கு எதற்குச் சிரமம் என்று ஏதேதோ உளறினேன். அவள் கோபப்படவில்லை.

"தெனம் அஞ்சு மணிக்கு பொடவை மாத்திட்டு ஒக்காந்திருந்தேன்க்கா. குங்குமம் வேணாம். பாட்டு பாடலாம் இல்ல?"

இன்றைக்கே வா என்றேன். தலையாட்டினாள். வரவில்லை. மறுநாள் சுண்டலை ஒரு டப்பாவில் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேனே. நான் பயந்தது அவள் மனசு நோகும் என்றா? இல்லை. வருகிற மற்றப் பெண்கள் முகம் சுளிப்பார்கள் என்றுதான். ஒன்பது படி கட்டி அம்பாளை உட்காரவைத்தேன். எதிர் வீட்டுக்காரிக்கு ஒரு பாய் போட எனக்குத் தைரியம் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நேற்று மாலதி டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தாள். நம் வீடுகளில் பாத்திரத்தை வெறுமனே தருகிற வழக்கமில்லையே - அவள் எப்போதும் ஒரு ஸ்பூன் சர்க்கரையாவது போட்டுத்தான் தருவாள். இந்த முறை பளிச்சென்று துடைத்து... காலியாக.

என் மேல் இன்னும் வருத்தமா என்று கேட்டேன்.

"சேச்சே, வருத்தமெல்லாம் இல்லக்கா. என் கையால குடுக்கலாமான்னு தெரியல..."

அவளுக்கு அந்தச் சந்தேகத்தைக் கொடுத்தது, அன்றைக்குக் குங்குமச் சிமிழோடு அவள் வாசலைத் தாண்டிப் போன நான்தான்.