மூடியின் மேல் இரண்டு எழுத்து

ஒரே பெயரில் விற்கும் பிராசஸர் இரண்டு விதமாக வரும் என்று தெரிந்த நாளில் என்னைச் சனி பிடித்தது. முதலில் வந்தது பழைய ரிவிஷன். பிறகு அதே பெயரில் சத்தமில்லாமல் புது ரிவிஷன் ஒன்றை விட்டார்கள். கம்பெனி சொன்னதைவிட வேகமாக ஓட்ட, அதாவது ஓவர்கிளாக் செய்ய, புதியதுதான் தாங்கும். பழையது சூடேறி நின்றுவிடும். வித்தியாசம், உலோக மூடியில் பொடியாக அச்சடித்த குறியீட்டின் கடைசி இரண்டு எழுத்தில் இருந்தது. அதைப் பார்க்காமல் வாங்குகிறவன் முட்டாள் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

கேளம்பாக்கத்தில் பழைய கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான் என் நண்பன். செங்கல்பட்டில் பாலிடெக்னிக் மூன்று வருடமும் ஒரே பெஞ்ச். என்னைப் பேர் சொல்லி அவன் கூப்பிட்டதே இல்லை, மச்சான்தான். நோன்பு மாதத்தில் கோவளத்தில் இருக்கும் அவன் வீட்டிலிருந்து எனக்கும் ஒரு தூக்கில் கஞ்சி வந்துவிடும். நான் புது ரிவிஷன் தேடி அலைவது தெரிந்ததும், தன் வீட்டு மெஷினில் இருப்பது அதுதான், எடுத்துக்கொள் என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியை அப்படியே பைக்கில் கட்டிக் கடைக்குக் கொண்டுவந்தான். நானும் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து போய்ச் சேர்ந்தேன்.

ஆன் செய்தான். திரையில் ரிவிஷன் தெரிந்தது. புதியதுதான். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். திரையில் எதை வேண்டுமானாலும் காட்ட வைக்கலாம், மூடியைப் பார்க்க வேண்டும் என்றேன்.

அவன் முகம் கொஞ்சம் மாறியது. “அரை மணி நேரம் ஓடட்டும் மச்சான். சூட்ல பேஸ்ட்டு இளகும், அப்பால கழட்டித் தரேன். இப்ப இழுத்தா பின்னு பூடும்.”

ஃபேனுக்கும் மூடிக்கும் நடுவில் சூடு கடத்தத் தடவும் பசையைச் சொல்கிறான். இது எனக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். ஆனால் இவன் எதற்கு நேரம் கடத்துகிறான் என்றுதான் என் புத்தி போனது. பயமாக இருந்தால் விட்டுவிடு என்றேன்.

அவன் உடனே மெஷினை ஆஃப் செய்துவிட்டு, பிராசஸர் மேல் இருந்த ஃபேனைப் பிடித்து இழுத்தான். காய்ந்துபோன பேஸ்ட் விடவில்லை; பிராசஸரே பிய்த்துக்கொண்டு கூட வந்தது. அதன் அடியில் ஊசி ஊசியாக இருக்கும் பின்கள் ஒரு ஓரத்தில் படுத்துக் கிடந்தன. பிளேடு நுனியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். இரண்டு பின்கள் உடைந்து கையோடு வந்துவிட்டன. அது இனி எதற்கும் ஆகாது.

பிறகு மூடியைத் துணியால் துடைத்து என் முன்னால் வைத்தான். நான் தேடிய அதே இரண்டு எழுத்து.

“பாத்துகினியா?” என்றான். கோபமாகக்கூட இல்லை.

விலையைக் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றுவிட்டான். மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரத்தில், பின் ஒட்டித் தரும் ஆள் யாராவது இருக்கிறார்களா என்று பேசிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னையே அறையத் தோன்றுகிறது. அடுத்த நோன்புக்குக் கஞ்சி வரவில்லை. எப்படி வரும்?

போன மாதம் ரேம் வாங்கும் சாக்கில் கடைக்குப் போனேன். எப்படியாவது பேசிவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். என்ன வேண்டும் என்று கேட்டான், சொன்னேன். ரேமை எடுத்து, லேபிள் மேலே தெரியும்படி மேஜையில் வைத்து, செல்போன் டார்ச்சை அதன்மேல் அடித்துப் பிடித்துக்கொண்டான். நான் கேட்கவே இல்லை.

“நல்லா பாத்துக்குங்க சார்,” என்றான்.