மதிலுக்கு மேலால் வந்த வயர்

எங்கள் வளவில் இரண்டு வீடு, இரண்டு டிவி, ஒரே ஒரு டிஷ். டிஷ்ஷும் பொக்ஸும் என் கூடப்பிறந்த மூத்தவள் ராத்தாவின் வீட்டில். அங்கிருந்து ஒரு வயர் மதிலுக்கு மேலால் என் வீட்டுக்கு வரும். அவள் எந்தச் சனலை வைக்கிறாளோ, அதுதான் எனக்கும். அவள் சமையல் பார்த்தால் நானும் சமையல்தான். நூறு சனலுக்குக் கட்டிவிட்டு, அவளுக்குப் பிடித்த நாலைத்தான் பத்து வருடமாக இரண்டு வீடும் பார்த்தோம். பகல் இரண்டரைக்கு மட்டும் என் நாடகம். கொஞ்சம் பிந்தினாலும் குசினிக்குள் அடுப்படியில் நின்றே கத்துவேன்.

"ராத்தா, மாத்து! நாடகம் துடங்கிட்டு!"

"மாத்துறன் புள்ள, உசிர எடுக்காத!"

மூன்று வருடத்துக்கு முன் அந்தக் கத்தல் நின்றது. மகளுக்கு வீடு கட்ட வேண்டியிருந்தது. எங்கள் பக்கம் வீடில்லாத பெண்ணுக்கு யார் மாப்பிள்ளை தருவார்கள்? அத்திவாரம் வெட்டிய மேசன் ஒரு சாண் ராத்தாவின் பக்கம் போய்விட்டார். போனதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக வேலையாட்களுக்கு முன்னால் என்னைக் கள்ளி என்றாள். நான் விட்டேனா? "பொம்புளப் புள்ள இல்லாத உனக்கு என்னத்துக்கு மண்?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்கு ஒரே மகன், அவனும் கட்டாரில் வேலை. அவள் முகம் போன போக்கு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

பிறகு பெருநாளைக்குக்கூடக் கதைக்கவில்லை. மதிலை உயர்த்தினோம். வயரை வெட்டச் சொல்லி அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நாடகம் மட்டும் இரண்டரைக்குத் தவறாமல் வந்தது. பழக்கதோஷத்தில் வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் மருமகன் புது டிவி கொண்டுவந்து, வைஃபை போட்டு, அந்த வயரைக் கழற்றிவிட்டார். இனி வேண்டிய நாடகத்தை வேண்டிய நேரம் பார்க்கலாம் மாமி என்றார். எங்கே பார்ப்பது? பாதி நாடகம் ஒரு ஆப்பில், மிச்சம் இன்னொரு ஆப்பில். வைஃபையோடு சேர்த்து மூன்றுக்கும் மாதாமாதம் தனித்தனியாகக் கட்டுகிறார். டிஷ்ஷில் நூறு சனல் எதற்கு என்று கேட்டவர்தான் இவர். நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு தேடத் தேட, பள்ளியில் அஸர் தொழுகைக்குப் பாங்கும் சொல்லிவிடுவார்கள். அலுத்துப்போய் நிறுத்திவிட்டுப் படுத்துவிடுவேன். மாத்து என்று கத்தவும் ஆளில்லை.

போன மாதம் அடித்த கச்சான் காற்றில் ராத்தா வீட்டு டிஷ் திரும்பிவிட்டது. பாண்டிருப்பிலிருந்து டிஷ்காரர் வந்து கூரையில் ஏறிச் சரிசெய்தார். பிறகு ஏணியோடு சுற்றி என் வாசலுக்கும் வந்தார்.

"அக்கா, இஞ்சாலயும் படம் வருதா எண்டு பாக்கச் சொன்னாங்க."

"ஆரு சொன்ன?"

"உங்கட அக்காதான்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தன் பாட்டுக்குக் கதைத்தார்.

"இப்ப எல்லாரும் கழட்டத்தான் கூப்பிடுறாங்க. கழட்டின டிஷ்ல கருவாடு காயப்போடுறாங்க. இந்த ரோட்டில இன்னும் பெக்கேஜ் கட்டுறது உங்கட அக்கா மட்டுந்தான். 'நீங்க எல்லாத்தையும் போன்லதானே பாக்கிறீங்க, இத வெட்டிவிடுங்களன்' எண்டு அவங்களிட்ட நானும் சொல்லிப் பாத்தன்."

"அவ போன்லயா பாக்கிற?"

"ஓம், மகன் போட்டுக் குடுத்திருக்காராம். ரெண்டரைக்கு நாடகத்த வெச்சிட்டு அவங்க எழும்பிப் போயிருவாங்களாம். 'தங்கச்சி பாக்கிற. இது நிண்டு போனா அவ என்னட்டக் கேக்க மாட்டா' எண்டு சொன்னாங்க."

அல்லாஹ்வே, ஒரு வருடமாக இந்த இரண்டு வீட்டில் யாருமே பார்க்காத நாடகத்தை அவள் எனக்காக ஓடவிட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

"படம் கிளியரா அக்கா?"

வயரின் நுனி டிவிக்குப் பின்னால் தூசிக்குள் கிடந்தது.

"ஓம், கிளியர்" என்றேன்.

அவர் மதிலைப் பார்த்துச் சத்தம் போட்டார். "அக்கா, படம் வருதாம்!"

ராத்தா மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் அவள் மெதுவாகக் கேட்டாலே மூன்று வளவுக்குக் கேட்கும்.

"படம் கிடக்கட்டும் தம்பி. அவ எப்பிடி இரிக்கா? மெலிஞ்சிட்டாவா?"

டிஷ்காரர் என்னைப் பார்த்தார். நான் எழும்பி மதிலடிக்குப் போனேன்.

"நல்லா இரிக்கன் ராத்தா" என்றேன். "அண்டைக்கு நான் கேட்ட பிழை. அப்பிடிக் கேட்டிருக்கப்படா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ரெண்டரை ஆகிட்டு புள்ள" என்றாள். "நாடகம் துடங்கிருக்கும். போய்ப் பாரு."