பன்னிரண்டு சட்டையும் ஒரு பாட்டும்

நேற்று தேரடியில் ஷேர் ஆட்டோ ஏறினேன். டிரைவரின் போனில் ஈரச்சாக்கு குழுவின் புதுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் இரண்டு காலேஜ் பிள்ளைகளுக்கு அதைப் பற்றித்தான் சண்டை. இப்போது வருவதெல்லாம் பணக்காரன் வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் என்றான் ஒருவன். மற்றவன் விடவில்லை. "நீ இன்னும் அந்தத் தண்ணி கேன்லயே கீற மாமு. அவங்க எங்கயோ போய்ட்டாங்கோ."

நான் திரும்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். வாயில் வந்தது, வண்டியை நிறுத்துங்க என்பதுதான். டோல்கேட் போக வேண்டியவள் காலடிப்பேட்டையிலேயே இறங்கி வெயிலில் நடந்தேன். ஒரு பாட்டுக்குப் பயந்து ஆட்டோவை விட்டு இறங்குகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஈரச்சாக்கை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சினிமாவுக்குப் பாடாதவர்கள். கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு மொட்டை மாடியில் நாலு பேர் ஆரம்பித்தது. ஒரு கிடார், கவிழ்த்துப் போட்ட தண்ணி கேன், கொஞ்சம் கரகரத்த ஒரு பெண் குரல். பாட்டு நடுவே கூட்ஸ் வண்டி போனால் அதையும் வெட்டாமல் விட்டுவிடுவார்கள். பெயரைக் கேட்டதும் எங்கள் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ அந்த கேன் சத்தம் என்றால் உயிர். காரணம் சங்கீத ஞானம் இல்லை, தையல் மெஷின்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டு எம்.கே.பி. நகரில் ஒரு சட்டைக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். ஒரு மாடி முழுக்க முப்பது மெஷின், ஒரே ஒரு ஸ்பீக்கர். மெஷின் எண்ணெயும் புதுத் துணியின் கஞ்சியும் கலந்த வாசம் குளித்தாலும் போகாது. இப்போதும் எங்காவது ஜவுளிக்கடைக்குள் நுழைந்தால் என் வலது கால் தானாகப் பெடலைத் தேடும். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. முதல் நாள் யார் தன் துணிக்கட்டை முதலில் தைத்து முடிக்கிறாளோ, மறுநாள் மத்தியானம் வரை ஸ்பீக்கர் அவள் போனுக்கு. மற்றவர்கள் திட்டலாம், நிறுத்த முடியாது.

திட்டுவதில்தான் எங்கள் ரசனையே இருந்தது. காலுக்கு ஒத்து வந்தால் நல்ல பாட்டு, கை நின்றால் கெட்ட பாட்டு. சட்டைக்குக் கை வைத்துத் தைப்பது என் வேலை, தண்ணி கேன் பாட்டு ஒன்றுக்கு நான் நாலு கை ஏற்றிவிடுவேன். அப்புறம் ஈரச்சாக்குக்காரர்கள் கீபோர்டு வாங்கினார்கள், ஸ்டுடியோவுக்குப் போனார்கள். அதையும் பொறுத்துக்கொண்டோம், வேகம் இருந்தது. மூன்றாவது தொகுப்பாக வந்த பாட்டுகளில்தான் வினை. தாளமே கிடையாது. அந்தப் பெண் காதோடு பேசுவதுபோல் பாடினாள். செக்கிங் மேஜை சாந்தியக்கா ஒரே வரியில் தீர்ப்பு சொன்னாள்: "வயித்து வலிக்காரி முனகிகினு கீறா மாதிரி கீது."

எல்லோரும் சிரித்தோம், எனக்கு அடுத்த மெஷினில் இருந்த நூரியைத் தவிர.

நூரி ஓவர்லாக் போடுபவள். நான் கை ஏற்றிக் கொடுத்தால் அவள் ஓரம் அடிப்பாள். வீடு பழைய வண்ணாரப்பேட்டை. சாப்பாட்டு டப்பா, தலைவலி மாத்திரை, போன் சார்ஜர் எல்லாம் எங்களுக்குப் பொது. இந்தக் குழுவின் பாட்டில் மட்டும்தான் பிரிவினை. மனுஷங்க மாறினால் பாட்டும் மாறத்தானே செய்யும் என்பாள். நான் விடுவேனா? ஒரு மாதம் முழுக்க அவள் எதிரில் அந்தப் பாடகிபோல மூக்கால் முனகிக் காட்டினேன். நன்றாகவே செய்வேன், சாந்தியக்கா மறுபடி மறுபடி கேட்பாள்.

ஒருநாள் நூரியின் முறை. வேண்டுமென்றே அந்த மூன்றாவது தொகுப்பை முதலிலிருந்து போட்டாள். அதில் ஒரு பாட்டு. வீட்டில் ஒரு பெண் ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டே போகிறாள். கடைசி அறைக்கு முன்னால் பாட்டு நின்றுவிடும். இரண்டு மூச்சு மட்டும் கேட்கும். அதற்கு முன் பத்து தடவை கேட்டு நக்கலடித்த பாட்டுதான். அன்றைக்கு அந்த இரண்டு மூச்சில் எனக்குக் கண் கலங்கி ஊசி இரண்டாகத் தெரிந்தது. ஏன் என்று இன்றுவரை தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு தைத்துக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் சாந்தியக்கா ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு முழுக்கைச் சட்டை. பன்னிரண்டிலும் இடது கை வலது பக்கம், வலது கை இடது பக்கம். பின்னால் வரவேண்டிய மணிக்கட்டுப் பிளவு முன்னால் வந்து பல்லை இளித்தது. புதிதாக வந்தவள்கூடச் செய்யாத தப்பு. ஓவர்லாக் போட்ட நூரியும் கவனிக்கவில்லை, அவளும் பாட்டுக்குள் இருந்திருக்கிறாள். சூப்பர்வைசர் வந்து நின்று யார் கவனம் எங்கே போனது என்று கேட்டார்.

முப்பது பேரும் பார்த்தார்கள். பாட்டில் கரைந்துவிட்டேன் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஒரு மாதம் முனகிக் காட்டியவள் இல்லையா?

"பாட்டுதாண்ணா. தூக்கம் தூக்கமா வருது, கை எங்க போவுதுன்னே தெர்ல."

அன்றோடு ஈரச்சாக்கு அந்த மாடியில் தடை. பழசு, புதுசு எல்லாமே. நூரியின் முறை ஒரு வாரத்துக்கு ரத்து. சாயங்காலம் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பிளேடால் தையலைப் பிரித்தோம். அவள் பிரிக்க வேண்டியதே இல்லை, தானாக வந்தாள். ஏழெட்டுச் சட்டை முடிந்தது. அப்புறம் நூலை ஊதிவிட்டுச் சொன்னாள்: "பழிய பாட்டு மேல ஏன்டி போட்ட? என் மேல போட்டிருந்தாகூட பரவால்ல."

நான் சிரித்து மழுப்பினேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் டப்பாவில் அவள் கறி கொண்டுவந்தாள், எல்லாம் சரியாகிவிட்டது, சொல்ல அவசியம் இல்லாமல் போனது. இப்படியே நாலு மாதம். பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள். பதினோராம் நாள் அவள் தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே போய்ப் பார்த்த சாந்தியக்கா, தூங்குகிறவள் மாதிரி இருக்கிறாள் என்று வந்து சொன்னாள்.

அதற்கப்புறம் எதிலும் உட்கார முடியவில்லை. பாட்டைப் போடுவேன், பத்து நொடியில் தள்ளுவேன். சோறு பிசைந்துவிட்டு எழுந்துவிடுவேன். ஒருநாள் விளக்கணைக்கும் அந்தப் பாட்டின் வீடியோவைத் திறந்து, கீழே ஜனங்கள் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டே போனேன். பழைய ஈரச்சாக்கு செத்துப்போச்சு என்று ஒருவர். இதுதான் இவர்கள் உண்மையான குரல் என்று ஒருவர். தண்ணி கேனைத் திருப்பிக் கொடு என்று ஒரு நூறு பேர். நடுவில் நூரி. அந்தச் சட்டைகளைப் பிரித்த அன்றைக்கே எழுதியிருக்கிறாள்.

"என் தோஸ்துக்கு இந்தப் பாட்டு புடிக்கலயாம். மூச்சு வர்ற எடத்துல அவ கண்ணு கலங்குனத நான் பாத்தேன். அவளா சொல்ற வரைக்கும் நானும் அவகிட்ட கேக்க மாட்டேன்."

எத்தனை தடவை பதில் எழுத உட்கார்ந்தேன். ஆமாண்டி என்று அடிப்பேன், அழிப்பேன். செத்தவளுக்கு ஊரறியப் பதில் போட்டால் பைத்தியம் என்பார்கள் என்று ஒரு வெட்கம். எழுத்துப்பிழை வேறு வரும். வேலைக்குப் போகும்போது அவள் எழுதியதைத் திறந்து பார்ப்பேன், பத்திரமாக இருக்கும், மூடிவிடுவேன்.

போன மாதம் ஈரச்சாக்கை ஒரு பெரிய கம்பெனி எடுத்துக்கொண்டது. பழைய வீடியோக்களை, கீழே ஜனங்கள் எழுதியதோடு சேர்த்து, மொத்தமாக நீக்கிவிட்டு, அதே பாட்டுகளைச் சுத்தம் செய்து புது இடத்தில் போட்டிருக்கிறார்கள். கூட்ஸ் வண்டிச் சத்தம் இல்லை. விளக்குப் பாட்டில் அந்த இரண்டு மூச்சையும் எடுத்துவிட்டார்கள். நேற்று நடந்து வீட்டுக்கு வந்ததும் அதைத் திறந்தேன். கீழே புது ஜனங்கள், எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, யாருக்கும் யாரோடும் சண்டையில்லை. ஆமாண்டி என்று அடித்துவிட்டு, எதன் கீழே போடுவது என்று மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தேன்.